பிரின்சியின் இடது கால்

நடக்க முடியாத பிள்ளை ஒன்று போதாதா ஆண்டவரே என்று, போன தவக்காலத்தில் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி சண்டையே போட்டேன். அதை ஜெபம் என்று சொல்ல எனக்கு வெட்கம்தான்.

மீன்சுருட்டிப் பக்கம் எங்கள் ஊர். மகன் ஜோவினுக்கு ஏழு வயது. பிறந்தபோது மூச்சுத் திணறி மூளை பாதித்துவிட்டது. உட்காரக்கூட ஆள் பிடிக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் அவனைத் தூக்கிக்கொண்டு அரியலூருக்குப் பயிற்சிக்குப் போவேன். பஸ்ஸில் ஏறினால் போதும், ஆளாளுக்கு அறிவுரை. எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாய், வயிற்றில் இருக்கும்போது என்ன சாப்பிட்டாய். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

மூத்தவள் பிரின்சி ஆறாம் வகுப்பு. தானே தலை பின்னிக்கொள்வாள், தம்பியையும் பார்த்துக்கொள்வாள். அவளால் ஒரு தொல்லையும் இல்லை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

அவள்தான் ஒரு திங்கட்கிழமை, இடது கால் வலிக்கிறது என்று நொண்ட ஆரம்பித்தாள். தைலம் தேய்த்தேன், கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். சிமெண்டு ஆலையில் ஷிப்டு முடிந்து வந்த என் கணவர், நடிக்கிறாள் என்று கத்தினார். நான் முதுகில் ஓர் அடியே வைத்துவிட்டேன். அவள் அழவில்லை. நொண்டிக்கொண்டே போய்த் தம்பியின் வாயைத் துடைத்தாள். அன்று ஜெபமாலையை எடுத்தேன், ஒரு மணிகூட நகரவில்லை. "என்னால முடியல தாயே. இவ கால நீயே பாத்துக்க" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த முறை இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு அரியலூர் போனேன். பிசியோதெரபி மேடம் ஜோவினை என் மடியில் விட்டுவிட்டு, பிரின்சியைப் பக்கத்தில் உட்காரவைத்தார். எப்போது வலிக்கும் என்று கேட்டார். நான் பதில் சொல்லப் போனேன். கை காட்டி நிறுத்திவிட்டார். அவளே வாயைத் திறந்தாள்.

"இப்ப வலிக்கல மேடம். ஆனா சரியாப் போச்சுன்னா, அம்மா மறுபடியும் தம்பிய மட்டும்தான் கூட்டிட்டு வருவாங்க."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

திட்ட வேண்டாம், வாரத்தில் ஒரு மத்தியானம் அவளுக்கென்றே ஒதுக்குங்கள் என்றார் மேடம். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் அண்ணன் அக்காக்கள் மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே கூடுகிறார்களாம், அதற்கும் அனுப்பச் சொன்னார். மத்தியானத்துக்கு நான் எங்கே போவேன்? எரிச்சலோடுதான் திரும்பினேன். வழியெல்லாம் மாதாவிடம் அதையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் என் நாத்தனார் லூர்து தானாக வந்தாள். அடுத்த தெருவில் இருந்துகொண்டு ஏழு வருடம் எட்டிப் பார்க்காதவள் என்று எனக்கு அவள்மேல் தீராத கோபம்.

"அண்ணி, ஜோவினத் தூக்க எனக்குப் பயமா இருந்துச்சு. எப்படிப் புடிக்கணும்னு சொல்லிக் குடுங்க. ஞாயித்துக்கெழம மத்தியானம் நான் பாத்துக்கறேன்."

நான் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மாதாவிடம்தான் சொல்லியிருந்தேன்.

அதன்பிறகு ஞாயிறு மத்தியானம் பிரின்சிக்கு. ஜெயங்கொண்டம் போய்ப் பரோட்டா சாப்பிடுவோம். முதல் நாள் நிறுத்தாமல் பேசினாள். சனிக்கிழமைக் கூட்டத்தில் இன்னொரு பெண்ணும் தன் தம்பிமேல் கோபம் வரும் என்று சொன்னாளாம். "நான் மட்டும்தான் கெட்ட பொண்ணுன்னு நெனச்சேம்மா" என்றாள்.

நொண்டல் எந்த வாரம் நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

ஜோவின் இன்னும் நடக்கவில்லை. பஸ் அறிவுரை ஓயவில்லை, எனக்குக் கோபமும் குறையவில்லை. ஆனால் போன வாரம் பிரின்சியிடம் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். முடியாது, விளையாடப் போகிறேன் என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஓடினாள். ஓடினாள்! வாசலில் நின்று மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

அக்கம்பக்கத்து வீடுகள் கூடி ஜெபிக்கும் நம் அன்பியத்தில் இப்படிப்பட்ட வீடுகள் இன்னும் இருக்கின்றன. மாதாவை நம்பிக் கேளுங்கள். கேட்கும்போது, தொல்லை கொடுக்காத பிள்ளையின் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏழு வருடம் நான் சொல்லாமல் விட்ட பேர் அதுதான்.