எதற்கு ‘ஆம்’ சொன்னேன்

நவம்பர் பிறந்துவிட்டால் அந்த ஊரில் காலை எட்டரைக்கும் விடியாது. நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வீட்டுக்கார அம்மா ஹில்கா சமையலறையிலிருந்து வந்து வாசற்கதவை மறித்து நிற்பார். ஏதோ கேட்பார். நான் சிரித்தபடி “யோ” என்பேன். ஃபின்னிஷ் மொழியில் ‘ஆம்’ என்று பொருள். உடனே அவர் முகம் வெளிறிப்போகும். என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொள்வார். மெதுவாக விடுவித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். மாலையில் திரும்பினால் “துலித்கோ, ஏரோ” என்றபடி என் கன்னத்தையும் தலைமுடியையும் தொட்டுப் பார்ப்பார், நனைந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல. குளிர்நாட்டு உபசரிப்பு இப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

எங்கள் லெப்பைக்குடிக்காட்டில் ஒருவன் பாஸ்போர்ட் எடுத்தால் துபாய்க்கா, சவூதிக்கா என்றுதான் கேட்பார்கள். பெரம்பலூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு மேற்படிப்புக்கு ஃபின்லாந்து போகிறேன் என்றதும், அங்கே ரியாலா திர்ஹமா என்று விசாரித்தவர்கள் உண்டு. என் பாடங்கள் ஆங்கிலத்தில். ஃபின்னிஷ் வகுப்பு விரும்பினால் படிக்கலாம் என்பதுதான். ஆசைப்பட்டுச் சேர்ந்தேன். தமிழில் எட்டு வேற்றுமைக்கே திணறியவன் நான், அங்கே பதினைந்து. முதல் தேர்வில் தோற்றேன், இரண்டாவதிலும் தோற்றேன். இது மற்றப் பாடங்களையும் கெடுக்கும், விட்டுவிடு என்றார் பேராசிரியர். விடுவதா வேண்டாமா என்று அந்த வார முடிவுக்குள் சொல்லியாக வேண்டும்.

துபாயில் இருந்த அத்தாவுக்குப் போன் போட்டேன்; எங்கள் ஊரில் அப்பாவை அத்தா என்போம். நான் குழந்தையாக இருந்த நாளிலிருந்து அவர் அங்கே ஒரு மளிகைக்கடையில் இருக்கிறார். சாமான் பெயரும் விலையும் தவிர அரபி தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “விட்டுரு தம்பி. வேலைக்கு வேணுங்குற அளவு பேசுனா போதும். அதுக்கு மேல பாஷை புரிஞ்சிச்சுன்னா அந்த ஊர்ல இருக்க முடியாது.”

கடைசி வகுப்பு என்று எண்ணிக்கொண்டுதான் போனேன். அன்று ஆசிரியை மரீத்தா, கேள்வி கேட்பது எப்படி என்று நடத்தினார். வினைச்சொல்லின் வாலில் ‘கோ’ சேர்த்தால் கேள்வி. நம் ‘வந்தாயா’வில் வருகிற ‘ஆ’ மாதிரி. பலகையில் அவர் எழுதிய முதல் எடுத்துக்காட்டே ‘துலித்கோ’. வந்துவிட்டாயா.

அப்படியானால் ‘ஏரோ’ என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். அது ஆண்பிள்ளை பெயர் என்றார். காலையில் கேட்கும் வாக்கியத்தை நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தேன்: “மெனெத்கோ யாலே.” சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, இதை உன்னிடம் யார் கேட்கிறார்கள் என்றார். வீட்டைச் சொன்னேன். ஊர் சின்னது, அவருக்குத் தெரிந்திருந்தது. ஹில்காவின் மகன் ஏரோ, முன்னொரு குளிர்காலத் தொடக்கத்தில், கெட்டிப்படாத ஏரிப்பனிமேல் நடந்துபோனவன். திரும்பவில்லை. இப்போது அந்த அம்மாவுக்கு ஞாபகம் பிசகிவருகிறது. காலையில் என்னிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்தது, “பனிக்கட்டிமேல் போகிறாயா?” என்று.

நான் தினமும் ஆம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன்.

அன்று வீட்டுக்கு ஏரிக்கரை வழியாக நடந்தேன். ஏரி உறையும்போது ஒரு சத்தம் கொடுக்கும். அடியில் யாரோ நீளமாக ஒரு பெயரை இழுத்துக் கூப்பிடுவதுபோல இருக்கும். முன்பும் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது புரிகிற சொல்லாகிவிடுமோ என்று பயந்தேன். அத்தா சொன்னது சரிதான், நாளைக்கே வகுப்பை விட்டுவிடலாம் என்று தோன்றியது.

மறுநாள் காலையில் அதே கதவு, அதே கேள்வி. இம்முறை ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ‘யோ’ என்று சொல்ல வாய் வரவில்லை. போகமாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெரியாது. நின்றுகொண்டே இருந்தேன். என் மௌனத்தையும் அவர் ஆம் என்றே எடுத்துக்கொண்டு அழத் தொடங்கினார். வகுப்புக்குப் போய் மரீத்தாவிடம், மறுத்துப் பேசுவதை எப்போது நடத்துவீர்கள் என்று கேட்டேன். அடுத்த வாரம் என்றார். அதுவரை இருக்கிறேன் என்றேன்.

அவர்கள் மொழியில் ‘நான் செய்யமாட்டேன்’ என்பது ‘என்’ என்று தொடங்குகிறது. நம்மிடம் உரிமை கொண்டாடுகிற சொல், அங்கே மறுப்பு. பாடம் நடந்த மறுநாள், ஹில்கா கதவை மறித்துக் கேட்டபோது சொன்னேன்: “என் மெனே.” போகமாட்டேன்.

அவர் கை என் கோட்டிலிருந்து நழுவியது. முகம் தெளியும் என்று எதிர்பார்த்திருந்தேன். அவரோ இரண்டடி பின்னால் போய், என் கறுத்த முகத்தை, தாடியை, அந்நிய உச்சரிப்பு வந்த வாயை, முதன்முறை பார்ப்பவர்போலப் பார்த்தார்.

“குகா சினா ஓலெத்?”

நீ யார்? அகராதி தேவைப்படவில்லை. யூசுப் என்றேன். மேல் அறையில் வாடகைக்கு இருப்பவன் என்று சொல்ல எனக்குச் சொற்கள் போதவில்லை. அவர் வழிவிட்டார்.

வகுப்பை நான் விடவில்லை, தட்டுத்தடுமாறித் தேறினேன். ஹில்கா சில நாள் என்னை யூசுப் என்பார், பனி கொட்டும் நாளில் ஏரோ. எந்தப் பெயரைச் சொன்னாலும் போய் உட்கார்ந்து காப்பி குடித்தேன். எல்லாவற்றையும் அத்தாவிடம் சொன்னேன். “செத்தவன் பேருக்கு ஏன்டா பதில் சொல்றே” என்று கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை.

“முதலாளி என்னைய வந்த நாள்லேர்ந்து கரீம்னுதான் கூப்புடுறாரு” என்றார். “எனக்கு முன்னாடி கடையில இருந்தவன் பேரு. அவன் என்ன ஆனான்னு நான் கேட்டுக்கல.”

இருவரும் போனை வைக்கவில்லை. அவர் பக்கம் ஏசி ஓடும் இரைச்சல். என் பக்கம் ஜன்னலில் பனி. நடுவில் எங்கோ லெப்பைக்குடிக்காட்டில், எங்களைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய அம்மா, கூப்பிட ஆளில்லாத வீட்டில் லைட்டைப் போட்டிருப்பார்.