இருமுகிற பூனையும் பெண் பார்க்க வந்தவர்களும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசாணிக்குப் பிள்ளைகள் இல்லை, பூனைகள் இருந்தன. ரோட்டில் திரிந்தது, யாரோ சாக்கில் கட்டி ஆற்றோரம் விட்டது, லொறியில் அடிபட்டு நொண்டியது, எதைக் கண்டாலும் தூக்கிக்கொண்டு வந்து பங்களாவுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயத்தில் விட்டுவிடுவார். அவற்றுக்குப் பால் ஊற்ற ஓர் ஆளே வேலைக்கு இருந்தார். கொழுந்துக் கூடையோடு அந்தப் பக்கம் போகும்போது, "அடுத்த பொறப்புல இங்க பூனையா பொறக்கணும்டி" என்று எங்களில் ஒருத்தியாவது சொல்லாத நாள் கிடையாது.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருடங்களில் துரையும் துரைசாணியும் சீமைக்கே திரும்புவதென்று முடிவாயிற்று. பூனைகளைக் கப்பலில் ஏற்ற முடியாதே. ஆகவே துரைசாணி ஓர் உத்தரவு போட்டார்: லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கிற நாங்கள் ஆளுக்கொரு பூனையை வளர்க்க வேண்டும். உத்தரவு என்றால் எங்கள் தோட்டத்தில் அது பெரட்டுக்களத்தில்தான் நிறைவேறும். விடியற்காலையில் எல்லோரும் கூடிப் பெயர் கொடுத்து, யாருக்கு எந்த மலை என்று வேலை பிரிக்கிற இடம் அது. அன்று வேலை பிரித்த கையோடு கணக்கப்பிள்ளை பூனையும் பிரித்தார். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "இது எலி புடிக்கும், யாருக்கு?" என்று கேட்டார். கொழுத்தவை எல்லாம் உடனே போயின. நொண்டியைக்கூட ஒரு கிழவர் வாங்கிக்கொண்டார்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. சாம்பல் நிறக் கடுவன். அதற்குச் சிவப்புக் கம்பளியில் ஒரு சட்டை வேறு. கூடையை விட்டு இறங்கியதும் வயிற்றைத் தரையோடு ஒட்டி, கழுத்தை நீட்டி, 'லொக்கு லொக்கு' என்று இருமியது. பூனை இருமுகிற மாதிரியே இல்லை. சுருட்டுக் குடிக்கிற மனுஷன் இருமுகிற மாதிரி இருந்தது.

"இது தொரசாணியோட நோயாளி. யாரும் கை தூக்கலன்னா சாயந்தரம் ஊசி போட்டு மேல அனுப்பிருவாங்க" என்று சொல்லிக் கணக்கப்பிள்ளை சிரித்தார்.

பூனை மேல் அன்பு பொங்கியது என்று சொன்னால் பொய். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. "எனக்குக் குடுங்க" என்றேன். ஓரமாக நின்றிருந்த துரைசாணி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "குளிர் ஆகாது. புகை ஆகாது. நீ நல்ல பொம்பளை" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு அழுதார்.

குளிரும் புகையும் ஆகாத உயிரை ராகலைப் பக்கத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் வைத்து வளர்ப்பதென்றால் மீனைக் கூரையில் கட்டி வளர்ப்பது போலத்தான். வெளியே குளிர், உள்ளே புகை, எங்களுக்கு வேறு எதுவும் கிடையாது. நான் பிடித்த பிடியில் அடுப்பை வாசல் திண்ணைக்கு, எங்கள் பேச்சில் இஸ்தோப்புக்கு, மாற்ற வேண்டியதாயிற்று. மழைச் சாரலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு அம்மா ரொட்டி சுட்டாள். "சீமைக்காரன் வெளிய போனான்னு சந்தோசப்பட்டேன். ஒருத்தன் நம்ம வீட்டுக்குள்ளயே வந்து படுத்துக்கிட்டான்" என்றார் அப்பா. அன்றிலிருந்து பூனைக்குச் சீமைக்காரன் என்றே பெயர்.

அம்மா திட்டிக்கொண்டே வைத்தியமும் பார்த்தாள். கற்பூரவள்ளிச் சாற்றைத் தேனில் குழைத்து ஊட்டப்போய், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கீறல் வாங்கினாள். அப்புறம் அந்தக் கையாலேயே அதன் நெஞ்சில் சூடாக எண்ணெய் தடவிவிட்டாள். சீமைக்காரன் கொஞ்சம் தேறினான். ஆனால் விடியற்காலைப் பனியில் மட்டும் இருமல் தவறாது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. லயத்தில் காம்பராக்களுக்கு நடுவே இருக்கும் சுவர் கூரைவரை போகாது. இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் 'நூறு' என்று வாழ்த்துவார்கள். எங்கள் வீட்டில் விடிய விடிய யாரோ இருமுவதாகப் பக்கத்துக் காம்பரா அக்காவின் காதில் விழுந்துவிட்டது. அந்தக் காலத்தில் இருமல் என்றால் சயரோகம். ஆஸ்பத்திரி வண்டியில் ஏறிப் போனவர்கள் திரும்பி வந்ததை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. பயம் நியாயமான பயம்தான்.

மலையில் கொழுந்து பறிக்கும்போது அந்த அக்கா மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, வீட்ல இருமுறது யாரு?"

"பூனைக்கா."

அவர் பக்கத்து நிரையில் நின்றவளைப் பார்த்தார். அவள் இவரைப் பார்த்தாள். "பூன கண்ண மூடிக்கிட்டா பூலோகமே இருண்டிருச்சுன்னு நெனைக்குமாம்" என்றாள் அவள். இரண்டு நாளில் தோட்டம் முழுக்கத் தீர்ப்பு ஆகிவிட்டது. எனக்கு நெஞ்சில் நோய். அதை மறைக்கத்தான் நாங்கள் வேண்டுமென்றே இருமுகிற பூனையாகப் பார்த்து வாங்கினோமாம்! அவ்வளவு மூளை எங்களுக்கு இருந்திருந்தால் நாங்கள் ஏன் கொழுந்து பறிக்கிறோம்?

சாதாரண நாளாக இருந்தால் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அந்த வாரம்தான் வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளையை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன், சேலையில். அங்கே காமன் கூத்தில் அவர்தான் ரதி. ஒப்பனை போட்டு, பூ வைத்து, மன்மதன் எரிந்து போனதற்கு மாரில் அடித்துக்கொண்டு அவர் அழுத அழுகையில் நானும் அழுதுவிட்டேன். ஓர் ஆண்பிள்ளைக்கு இப்படி அழத் தெரிந்தால் இவனோடு வாழலாம் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வேறு எத்தனையோ வரன் தட்டிப்போயிருக்கிறது, கவலைப்பட்டதில்லை. இது தட்டிப்போய்விடக் கூடாதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறி வருவதற்குள் யாரோ புண்ணியவதி அவர்கள் காதில் ஓதிவிட்டாள். இரவல் நாற்காலியில் உட்கார்ந்ததும் மாமா வடையைத் தொடாமலே கேட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. பொண்ணுக்கு இருமல்னு சொல்றாங்களே?"

"பொண்ணுக்கு இல்லீங்க, பூனைக்கு" என்றார் அப்பா.

"பூன இருமுமா? எங்க வீட்ல ஏழெட்டுப் பூன வளத்திருக்கோம். ஒண்ணும் இருமுனதில்ல."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூலையில் கிடந்த சீமைக்காரனைச் சட்டையோடு தூக்கி வந்து நடு வீட்டில் வைத்தார். எல்லோரும் அதையே பார்த்தோம். தினமும் லயத்தையே எழுப்புகிற பூனை, அன்றைக்குப் பார்த்து மாப்பிள்ளையின் காலடியில் சுருண்டு படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. மாப்பிள்ளை ஒரு விரலால் அதன் தலையைத் தடவினார். மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இருமல் வராமலே எனக்குத் தொண்டை அரிக்கத் தொடங்கியது.

"கொஞ்சம் பொறுங்க. பொகபட்டா இருமும்" என்று அப்பா எழுந்தார். அம்மா தடுப்பதற்குள் இஸ்தோப்பிலிருந்து நெருப்பை அள்ளி வந்து பழைய அடுப்பில் போட்டு, மேலே மிலாறை வைத்து ஊதினார். மிலாறு என்பது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி. காய்ந்தால் பொன்னாக எரியும், நனைந்தால் எமன். அது ஒரு வாரம் மழையில் கிடந்த மிலாறு.

காம்பரா நிறைந்துவிட்டது. முதலில் மாமா இருமினார். பிறகு மாமியார், பிறகு மாப்பிள்ளை, ஊதிய அப்பா, அவரை ஏசப்போன அம்மா. சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்த அக்காவும் இருமினார். புகையிலேயே பிறந்து வளர்ந்த நான் மட்டும் இருமவில்லை. "பொண்ணுக்கு நெஞ்சு... இரும்பு..." என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்வது கேட்டது.

அதாவது நான் ஜெயித்துவிட்டேன். தலையைக் குனிந்து அப்படியே நின்றிருந்தால் போதும். ஆனால் தரையில் பூனையைக் காணவில்லை.

குனிந்த தலை, தட்டு, வடை எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பின்பக்கமாக ஓடினேன். தண்ணீர் ஓடுகிற கானோரத்தில் ஈரத் தரையில் பூனை கிடந்தது. விலா இரண்டும் ஒட்டி ஒட்டி விரிந்தன, வாய் திறந்திருந்தது, சத்தமே இல்லை. மடியில் போட்டு முதுகைத் தடவினேன். போய்விடும் என்றே நினைத்தேன். அப்பா மேல் வந்த ஆத்திரத்தைவிட, தரையைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நின்ற என் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

அப்போதுதான் அது இருமியது. நீளமாக, அடிவயிற்றிலிருந்து, மனுஷன் மாதிரியே. நிமிர்ந்தால், எனக்குப் பின்னால் சிவந்த கண்ணோடு மாப்பிள்ளை நிற்கிறார். முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது. "இதுக்கு இப்படித்தான் வரும். சாகுற வரைக்கும் வரும். இத விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன். பிடிக்கலன்னா இப்பவே சொல்லிட்டுப் போயிருங்க" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவர் தோளில் இருந்த சால்வையை எடுத்துக் கையில் விரித்து, "குடுங்க" என்றார். கொடுத்தேன். பூனையைச் சுற்றி எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

மாமா இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னப்பா... என்ன... முடிவு?" என்று இருமலுக்கு நடுவே கேட்டார்.

"ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போவோம் மாமா" என்றார் அவர்.

மாமாவுக்கு ஏதோ மறுப்பு இருந்திருக்க வேண்டும். கையை ஆட்டி ஆட்டி அதைச் சொல்லத்தான் பார்த்தார். இருமல் விடவில்லை.