இருபத்தெட்டுக் கிலோ கிளட்ச்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டேதான் இருக்கும். "மேசை ஆடுது, குழம்பு சிந்துது" என்று என் மனைவி இருபது வருடமாகச் சொல்லி வந்தாள். அந்த நாலு மாதம் மட்டும் அதைக்கூடச் சொல்லவில்லை. நானும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தபடியே, கைப்பேசியில் பேரிங் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேரிங் என்றால் கிளட்ச் பேரிங். கிளட்ச்சை மிதிக்கும்போது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரித்துவிடும் வளையம். சாதாரணக் காரில் ஓர் இரும்புக் கவை அதைத் தள்ளும். என் காரில் இருப்பது ஹைட்ராலிக் வகை, எண்ணெய் அழுத்தமே தள்ளிவிடும். அதைத் தேர்ந்தெடுக்க ஒரு மனுஷனுக்கு நாலு மாதம் எதற்கு என்று கேட்டால், அதற்கு என் காரைப் பற்றியும் என் புத்தியைப் பற்றியும் சொல்லவேண்டும்.

கார் பழைய ஜப்பான் கார். டர்போ எஞ்சின், மேனுவல் கியர், நானூறு குதிரை சக்தி. தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பது என் வேலை. வாரம் முழுக்க அங்கே நட்டு முடுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தம்போயில் வீட்டு வாசலில் இந்தக் காருக்கு நட்டு முடுக்குவேன். நானூறு குதிரை வழுக்காமல் பிடித்துக்கொள்ள கிளட்ச்சுக்குள் முரட்டு ஸ்பிரிங் வேண்டும். ஸ்பிரிங் முரடானால் மிதியும் கனக்கும். அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

என் மாமனார் பொந்தியானில் அன்னாசி லாரி ஓட்டியவர். ஒருமுறை காரில் உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்துப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, என் லாரி கிளட்ச்சே இவ்ளோ கனமில்லையே" என்றார். எச்சரிக்கிறார் என்று எனக்கு உறைக்கவே இல்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஒரு வாரம் வேலையிடத்தில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

என் மனைவியும் சொன்னாள். குள்ளமான உருவம், சீட்டை எவ்வளவு முன்னால் இழுத்தாலும் நுனிக்கால்தான் எட்டும்.

"முழுசா மிதிக்க வரலைங்க. கொஞ்சம் லேசா பண்ண முடியாதா?"

"பவர் கார்னா அப்படித்தான் இருக்கும். ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்றேன்.

அவளுடைய சின்னக் காரை மகள் படிக்கப் போன ஊருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் மிஞ்சியது என் காரும் என் மோட்டார் சைக்கிளும்தான். மேனுவல் லைசென்ஸ் வைத்திருக்கிறவள், அவசரத்துக்கு ஓட்டிக்கொள்வாள் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டுவைத்திருந்தேன்.

அந்த அவசரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. நான் ஓவர்டைமில் இருந்தேன். எங்கள் தொழிற்சாலையில் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வெளியே வந்து எடுத்தபோது பதினோரு அழைப்புகள் தவறியிருந்தன. பதினொன்றும் என் மனைவி அழைத்தவை.

பொந்தியானில் மாமனாருக்குக் கை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. அவள் தம்பி ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, "அப்பா உன்னையே கேக்குறாரு, உடனே வாக்கா" என்று அழைத்திருக்கிறான். அவள் சாவியை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். வாசலிலேயே கார் மூன்று தடவை நின்றுவிட்டது. நாலாவது தடவை பாதி கார் ரோட்டில், பாதி வாசலுக்குள். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர்தான் பின்னால் தள்ளி உள்ளே விட்டிருக்கிறார். அப்புறம் கைப்பேசியில் வாடகைக் காருக்குச் சொல்லி, அது வருவதற்கே முக்கால் மணி நேரம் ஆனது.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் பேச்சு முழுதாகப் போய்விட்டது. உயிர் தப்பிவிட்டார், ஆனால் பேச்சு இன்றுவரை வரவில்லை. கடைசியாக என்ன சொன்னார் என்று மச்சான் எல்லாரிடமும் சொன்னான். அக்கா எப்படி வருவாள் என்று அவன் பதறியபோது, அவர் குழறிக் குழறிச் சொன்னாராம்: "காரு இருக்குல்ல, வந்துருவா."

மச்சான் அதைச் சொன்னபோது நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றோம். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், திட்டியிருந்தால், எனக்கு எவ்வளவோ தேவலாம்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். கார் கோணலாக நின்றது. சீட்டு முன்னால் இழுத்தபடி இருந்தது. மிதிக்குக் கீழே அவளுடைய இடது கால் செருப்பு கிடந்தது. செருப்பை உதறிவிட்டு வெறுங்காலால் மிதித்துப் பார்த்திருக்கிறாள். நான் செருப்பை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் சீட்டைப் பின்னால் தள்ளி, காரை நேராக நிறுத்தினேன்.

அதன்பிறகு அவள் அந்தக் காரில் ஏறவில்லை. சனிக்கிழமை தோறும் தம்போயிலிருந்து லார்க்கினுக்கு ஒரு பஸ், அங்கிருந்து பொந்தியானுக்கு இன்னொரு பஸ். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னால், "பஸ்ஸே போதும்" என்பாள். கோபமாகச் சொல்லமாட்டாள். கடைக்காரரிடம் பை வேண்டாம் என்பதுபோலச் சொல்வாள். நான் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய் மாமனாரைப் பார்த்துவிட்டு வருவேன்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. பேரிங் தேடத்தான் தெரிந்தது. எந்த பேரிங் போட்டால் மிதி லேசாகும், எது எத்தனை குதிரைக்குத் தாங்கும், எது எண்ணெய் கசியும் என்று வேலைக்கு நடுவில், கழிப்பறையில், சிக்னலில் நிற்கும்போது, எங்கேயும் அதுதான். ஒன்று பிடித்துப்போகும், மறுநாள் இன்னொருவன் அதைத் திட்டி எழுதியிருப்பான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி வொர்க்ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் நம்மாள்தான். என்னைவிடச் சின்னவர். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டார்.

"அண்ணே, நாலு மாசமா பேரிங் பாக்குறீங்க. பொண்ணு பாக்கக்கூட இவ்ளோ நாள் ஆவாது லா."

"இந்த மூணுல எதுன்னு நீயே சொல்லு" என்று கைப்பேசியை நீட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவே இல்லை. "எத்தனை குதிரை, என்ன கிளட்ச்சு, அதெல்லாம் எனக்குத் தெரியும். யாரு ஓட்டப் போறா? அதச் சொல்லுங்க."

"என் வீட்டுக்காரி" என்றேன். அதை வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அவங்க கால் எவ்ளோ தள்ளும்?"

"அது... ஒரு அளவுக்குத் தள்ளுவா. அகாக்தான்."

அகாக் என்றால் எங்கள் ஊரில் குத்துமதிப்பு. சமையலில் உப்புப் போடுவதும் அகாக், சுவரில் ஆணி அடிப்பதும் அகாக். மெக்கானிக் சிரித்தார்.

"பேரிங்குக்கு மட்டும் நூல் கணக்கு. அண்ணிக்கு அகாக்கா?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் காரில் ஒரு வாஷர் விடாமல் நான் அளந்திருக்கிறேன். வீட்டில் இருக்கும் ஒருத்தியுடைய காலை அளக்க எனக்குத் தோன்றவே இல்லை.

எடை பார்க்கும் மெஷினைக் குளியலறையிலிருந்து எடுத்துப்போய், முதலில் கிளட்ச் மிதிமேல் சாய்த்து வைத்து மிதித்துப் பார்த்தேன். இருபத்தெட்டுக் கிலோ. அப்புறம் அதே மெஷினைக் கூடத்துச் சுவரில் சாய்த்து, எதிரே சாப்பாட்டு நாற்காலியைப் போட்டு, அவளைக் கூப்பிட்டேன்.

"இங்க கொஞ்சம் உக்காரு. எடது கால் நுனியால இத அழுத்து. பத்து எண்ணுற வரைக்கும் அப்படியே புடிச்சிருக்கணும்."

"எதுக்கு?"

"சும்மா."

அவள் உட்கார்ந்தாள். முதலில் இருபதைத் தொட்டு, கால் நடுங்கி இறங்கியது. பத்து எண்ணும்வரை அசையாமல் நின்றது பதினாறில்.

"காருக்கா?" என்றாள்.

"ம்."

"பஸ்ஸே போதும்" என்று சொல்லி எழுந்து போனாள். ஆனால் அழுத்திவிட்டுத்தான் போனாள். அதை நான் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் மெக்கானிக்கிடம் பதினாறு என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"லேசா வேணும்னா பெரிய பேரிங் போடணும். ஆனா அது கொஞ்ச தூரந்தான் நகரும். உங்க கிளட்ச்சுக்குப் பத்தாது, முழுசா விடாது, கியர் போடும்போது கத்தும். சின்ன பேரிங் முழுசா விடும், ஆனா கால் போய்டும். ரெண்டும் ஒண்ணா வேணும்னா ஒரே வழிதான்."

"என்ன?"

"குதிரையக் குறைங்கண்ணே. டர்போ அழுத்தத்த எறக்கி இருநூத்தம்பதுல நிப்பாட்டுவோம். அதுக்கு சாதுவான ஸ்பிரிங் போதும். அப்புறம் நடு சைஸ் பேரிங் ஒண்ணு போட்டா மிதியும் லேசாகும், கிளட்ச்சும் முழுசா விடும்."

"ஐயோ அலமாக், அதுக்கு நான் கிளட்ச்சே இல்லாத ஒரு ஆட்டோ கார் வாங்கிட்டுப் போயிடுவேன்."

"வாங்குங்க" என்று அவர் வேறொரு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

ஆட்டோ கார் வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவளை வாசலில் கைவிட்டது இந்தக் கார். இதே கார்தான் அவளைப் பொந்தியானில் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்று ஒரு வீம்பு. வீம்பு ஒரு பக்கம், நூற்றைம்பது குதிரை ஒரு பக்கம். எத்தனை வருட உழைப்பு! ஒரு வாரம் தூக்கம் பிடிக்கவில்லை, நின்றால் நிற்கப் பிடிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி நனைந்துகொண்டே வந்தாள். துண்டால் தலையைத் துவட்டியபடி மகளுக்கு அழைத்துப் பேசினாள். "இன்னிக்குத் தாத்தா என் கையப் புடிச்சாரும்மா. விடவே இல்ல." குரல் அப்படி நெகிழ்ந்திருந்தது. நான் நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பெரிய விஷயத்தை என்னிடம் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வாசலுக்குப் போய் மெக்கானிக்கை அழைத்து, "குறைச்சிரு" என்றேன்.

கியர்பாக்ஸ் இறங்கியது. பேரிங்குக்கும் கிளட்ச் ஸ்பிரிங்குக்கும் நடுவில் மயிரிழைக் கணக்கில் இடைவெளி விடவேண்டும். குறைந்தால் எந்நேரமும் உரசும், கூடினால் உள்ளே இருக்கும் சீல் பிய்ந்து எண்ணெய் ஒழுகும். மெக்கானிக் வெர்னியர் அளவியால் இரண்டு தடவை அளந்தார். நான் மூன்றாவது, நாலாவது தடவை அளந்தேன். "அண்ணே, வெர்னியர் தேஞ்சிடப் போவுது" என்றார். எல்லாம் பூட்டி முடித்ததும் எடை மெஷினை மிதிமேல் வைத்தேன். பதினைந்து.

அடுத்த சனிக்கிழமை காலை அவள் பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். நான் அதற்கு முன்பே எழுந்து, காரின் சீட்டை அவள் அளவுக்கு முன்னால் இழுத்து வைத்திருந்தேன்.

"ஒரு தடவ மிதிச்சு மட்டும் பாரு. எடுக்க வேணாம். பிடிக்கலன்னா பஸ்ல போ."

அவள் காரையும் என்னையும் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். உட்கார்ந்து, கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, செருப்போடு மிதித்தாள். மிதி அடிவரை போனது. விட்டாள். மறுபடி மிதித்தாள். மூன்றாவது தடவை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு, முன் கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள்:

"இவ்வளவுதானா?"

குதிரையைக் குறைத்தது, கியர்பாக்ஸை இறக்கியது, நாலு தடவை அளந்தது, எல்லாம் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன். ஆனால் அவள் கேட்டது பேரிங்கைப் பற்றி அல்ல. லேசா பண்ண முடியாதா என்று அவள் அன்றைக்குக் கேட்டபோதும் இது இவ்வளவுதான். நான் செய்யவில்லை.

"ஆமா. இவ்வளவுதான். தப்பு என்னோடது" என்றேன்.

அவள் கையை நீட்டி, "சாவி" என்றாள்.

கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். வாசலில் ஒரு தடவை நின்றுபோனது. அவளே மறுபடி ஸ்டார்ட் செய்து ரோட்டுக்கு எடுத்தாள். ஸ்கூடாய் டிராஃபிக் ஜாமில் நின்று நின்று போனாள். பெக்கான் நானாஸ் தாண்டியதும் நாலாவது கியர் போட்டு, கண்ணாடியை இறக்கினாள். பக்கத்து சீட்டில் என் கால் ஆடிக்கொண்டிருந்தது. "கால ஆட்டாதீங்க, எனக்கு ஓட்ட வரல" என்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு என்னைத் திட்டினாள்.

பொந்தியானில் மாமனார் சன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கார் சத்தம் கேட்டுத் தலையை எங்கள் பக்கம் திருப்பியிருந்தார். அவள் சாவியைக் கையில் வைத்தபடியே உள்ளே போனாள். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அவர் அசையும் கையில் அந்தச் சாவியை வைத்து, விரல்களை அவளே மூடிவிட்டு, காதருகே குனிந்து சொன்னாள்:

"காரு இருக்குப்பா. வந்துட்டேன்."