ஆர்கிட் தொட்டியில் முளைத்த மிளகாய்

கொடைக்கானலில் நான் கழித்த முதல் குளிர்காலத்தை நினைத்தால், கண்ணாடி அறைக்குள் கரி அடுப்பை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரம்மாதான் கண்முன் வருகிறார். ஐம்பதுகளின் கடைசி அது. பள்ளியில் தையல் டீச்சராக வேலை கிடைத்து திண்டுக்கல்லிலிருந்து வந்த நான், அவர் வீட்டுப் பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தேன். அவருடைய கணவர் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. ஓய்வுக்குப் பின் இருவரும் வந்து இருக்கலாமென்று, ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் அந்த வீட்டை வாங்கிப்போட்டிருந்தார். கணவர் அங்கேயே இறந்துபோக, அம்மா மட்டும் வந்துசேர்ந்தார், தாம் வளர்த்த ஆர்கிட்டின் பெரிய தூர் ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு.

வெக்கை நாட்டுச் செடி அது. கரும்புபோலத் தடித்த தண்டுகள். ஆளுயரத்துக்குப் பூங்கதிர் விடுமாம். இங்கே கண்ணாடி அறைக்குள் தொட்டியில் வைத்து, குளிருக்குக் கரி அடுப்பு மூட்டிக் காத்தும் வெறும் இலைதான் விட்டது. அதன் வேர்களுக்கு நடுவே, யாரும் விதைக்காமல் ஓர் ஊசிமிளகாய்ச் செடி முளைத்திருந்தது. மலாயாவில் அவர் கணவர் ஆர்கிட் இருந்த தொட்டியருகே உட்கார்ந்துதான் சாப்பிடுவாராம். மிளகாயைக் கடித்துவிட்டு மிச்சத்தைத் தொட்டிக்குள் எறிவாராம்.

"எத்தனையோ தடவ சொல்லிருக்கேன் டீச்சர், அது என்ன குப்பக்கூடையான்னு. கேட்டாத்தான" என்றார் அம்மா. மற்ற களைகளை நகத்தால் கிள்ளி எறிபவர், மிளகாய்ச் செடிக்கு மட்டும் குச்சி ஊன்றிக் கட்டியிருந்தார்.

சில வருடங்கள் கழித்து ஆர்கிட் கதிர் விட்டது. அதே சமயம் மிளகாய் இலைகளின் அடியில் அசுவினிப் பூச்சி மொய்த்து, ஆர்கிட் மொட்டுகளுக்கும் ஏறத் தொடங்கியது. புகையிலைத் தண்ணீர் தெளித்தும் போகவில்லை. கரி கொண்டுவரும் பாய் பார்த்துவிட்டு, "ரெண்டுல ஒண்ணுதாம்மா நிக்கும். பூவு வேணும்னா மொளகாய எடுத்துருங்க" என்றார். அம்மா கரிக்குக் காசை எண்ணிக் கொடுத்தார். சில நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தார். பிறகு ஒரு காலையில் தாமே கத்தியோடு போய்ச் செடியைப் பெயர்த்து, வேறு தொட்டியில் நட்டு, அடுப்படியில் வைத்தார். ஆர்கிட் வேரோடு பின்னிக்கிடந்த வேரெல்லாம் அறுந்துபோயிருந்தது. செடி பிழைக்கவில்லை.

கதிர் மலர்ந்தது. மஞ்சள் இதழில் பழுப்புப் புள்ளிகள். கேள்விப்பட்டு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். அம்மா யாரையும் தடுக்கவில்லை. கூட வந்து நிற்கவும் இல்லை. அப்படி ஒரு நாள் மதியம்தான் முதல்முறையாக என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். காய்ந்த செடியில் மிஞ்சியிருந்த மிளகாய்களைத் தட்டோரம் வைத்திருந்தார்.

"வெதைக்கு எடுத்து வச்சிருக்கலாமேம்மா" என்றேன்.

"வெதச்சா மொளைக்கும் டீச்சர். ஆனா அது நான் வெதச்சதாயிரும்ல."

எனக்கு அப்போது சின்ன வயது. அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் குனிந்து சாப்பிட்டேன். இப்போது நானும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். இன்னும் தெரியவில்லை.