அதே மூன்று பெயர்கள்

மொண்டெல்லோக் கடற்கரைப் படம் போட்ட தபாலட்டை ஒன்றின் பாதி என்னிடம் இருக்கிறது. கடலும் இரண்டு குடைகளும் உள்ள பாதி. வரிக்குக் கீழே வைத்து வாசிக்க அகலம் கூடிப்போயிற்று என்று நான் சொன்னதும், நான் வேலை செய்த வீட்டுக்கார மூதாட்டி, சின்யோரா, தடவித் தடவி அதைக் கத்தரிக்கோலால் வெட்டித் தந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் பதினொரு வருடம் அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்குநராக இருந்தவன் நான். வரிக்குக் கீழே ஓர் அட்டை இல்லாமல் எனக்கு எதையும் நம்பிக்கையாக வாசிக்க வராது.

தொண்ணூறுகளின் நடுவில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில் அவருடைய வீட்டில் வேலை செய்தேன். சமைப்பது, துடைப்பது, நேரத்துக்கு மருந்து கொடுப்பது. அவர் எண்பது தாண்டிய விதவை, பிள்ளைகள் இல்லை, பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. அவருடைய தாய், குடைராட்டினத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருநாளுக்குத் திருநாள் ஊர்மாறித் திரிந்த குடும்பத்துப் பெண். தகப்பன் நகரத்துக்காரர். சின்யோரா பிறந்த சில மாதங்களில் அவர் இறந்துபோக, தாய் கைக்குழந்தையைப் போட்டுவிட்டுத் தன் ஆட்களோடு ஓடிவிட்டாள் என்று சொல்லித் தகப்பனின் தமக்கைதான் வளர்த்தார். தெருவில் ராட்டினம் வந்து இறங்கும் நாட்களில் அந்த அத்தை பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவாராம். பிள்ளைபிடிகாரர் வந்திருக்கிறார்கள் என்பாராம். அத்தை இறந்த பிறகும் அதே வீட்டில் சின்யோரா அந்த நாட்களில் கதவைச் சாத்தியே வைத்தார். பயத்தால் அல்ல, கோபத்தால். தாய் ஏன் தன்னை விட்டுப் போனாள் என்பதைச் சாவதற்கு முன் அறிய வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

வியாழக்கிழமை பின்னேரம் எனக்கு ஓய்வு. அந்த நேரத்தில் அவரைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு, பழைய பதிவேடுகளைத் தேடிக் கிறிஸ்தவக் கோயில் கோயிலாகப் போனேன். "லீவு எண்டால் மனிசர் கடற்கரைக்குப் போகினம். நீங்கள் செத்த ஆக்களைத் தேடிப் போறியள்" என்று என் மனைவி நக்கலடிப்பாள். அவர் பிறந்த பங்கின், அதாவது கோயில் வட்டாரத்தின், பதிவேடுகளில் அவருடைய ஞானஸ்நானமும் தகப்பனின் அடக்கமும் இருந்தன. தாயைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. பதிவேடுகளை எடுத்துத் தந்த கிழவர், எங்கள் செத்தவர்களை எண்ணுவதற்கு இலங்கையிலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறது என்று சிரித்துவிட்டு, உபயோகமான ஒன்றையும் சொன்னார். அவள் மறுபடி கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்றிருந்தால் ஏதோ ஒரு பதிவேட்டில் இருப்பாள். ராட்டினக்காரருக்கென்று ஒரு பங்கு கிடையாது. பிள்ளை எங்கே பிறந்தாலும், அடுத்த திருநாள் நடக்கும் ஊரில்தான் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். ஊரைத் தேடாதே, திருநாளைத் தேடு.

அப்படியே செய்தேன். சுற்றுவட்டாரத் திருநாட்களை மாதவாரியாக எழுதி, ஒவ்வொரு கோயிலிலும் அந்தந்த வாரத்துப் பக்கங்களை மட்டும் பார்த்தேன். பகேரியாவுக்கு ரயிலில் மூன்று முறை போய் வெறுங்கையோடு திரும்பினோம். பதிவுகள் லத்தீனில் இருந்தன. பொருள் தெரியாமல் எழுத்தைப் பார்ப்பது எனக்குப் பழகிய வேலைதான். ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்ததால் எது தகப்பன், எது தாய் என்பது சீக்கிரம் பிடிபட்டது.

ஸ்ஃபெர்ராகவால்லோவில், செப்டம்பர் திருநாள் வாரத்தில், தாயின் பெயர் இருந்தது. பிறந்த வீட்டுப் பெயரும் சரியாக இருந்தது. பக்கத்தில் புதிய கணவனின் பெயர். நிலையான வதிவிடம் இல்லை என்ற குறிப்பு. ஞானஸ்நானம் பெற்றது ஒரு பெண் குழந்தை. அதன் பெயர்களை வாசித்தபோது முதலில் எழுதியவரின் பிழை என்று நினைத்தேன். அட்டையை வைத்து மறுபடியும் பார்த்தேன். மூன்று பெயர்களும், அதே ஒழுங்கில், என் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவருடைய பெயர்கள்.

நான் சந்தோஷப்பட்டேன். உரக்க வாசித்துவிட்டு, பாருங்கள் சின்யோரா, உங்கள் அம்மா உங்களை மறக்கவில்லை, உங்கள் பெயரையே வைத்திருக்கிறார் என்றேன்.

அவர் வருடத்தைக் கேட்டார். சொன்னேன். அப்போது தனக்கு ஆறு வயது என்றார். பிறகு தன் சிசிலியப் பேச்சில் அவர் சொன்னது என் காதில் எங்கள் பேச்சாகத்தான் நிற்கிறது:

"உயிரோடை இருக்கிற பிள்ளையின்ரை பேரை இஞ்சை இன்னொரு பிள்ளைக்கு வைக்கமாட்டினம். செத்தால்தான் வைப்பினம். நான் செத்திட்டன் எண்டு அவவுக்குச் சொல்லியிருக்கினம்."

எங்கள் பத்திரிகையின் மரண அறிவித்தல்களில் இறந்தவரின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவோம். அது விடுபடாமல் பார்ப்பதும் என் வேலையாக இருந்தது. இந்த ஊரில் அந்தச் சொல் தேவைப்படவில்லை, பெயரை மறுபடி வைத்தாலே போதும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஒரேயொரு தடவைதான் கதைத்தார். "அப்ப, அந்தக் கதவு பிள்ளைபிடிகாரருக்காகச் சாத்தினதில்லை." கீழே தெருவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் அவருடைய தாய் நின்று நிமிர்ந்து பார்த்திருந்தால், மூடிய கதவைத்தான் பார்த்திருப்பாள்.

அடுத்த திருநாளுக்குக் கதவைத் திறக்கச் சொன்னார். பால்கனியில் கதிரை போட்டு இருத்தினேன். ராட்டினத்துப் பாட்டு ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டது. உள்ளே வாருங்கள், குளிர்கிறது என்றேன். இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று தனக்குத் தெரியும் என்றார். "திறந்து கிடக்கட்டும்." பாட்டு நிற்கும்வரை அங்கேயே இருந்தார். அதற்கடுத்த திருநாளுக்கு அவர் இல்லை.

இப்போது அந்த வீட்டில் வேறு ஆட்கள். பால்கனி நிறைய உடுப்புக் காய்கிறது. கதவு எந்நேரமும் திறந்தபடி. தபாலட்டை என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அதன் விளிம்பில் என் பெருவிரல் அழுந்திய கறை இன்னும் போகவில்லை. அந்த மூன்று பெயர்களையும் உரக்க வாசித்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். சின்யோராவுக்குக் கண் தெரியாது. அந்தச் சிரிப்பு குரலில் கேட்டிருக்கும்.