"அவங்க தோத்துட்டாங்க": மேட்டூரிலிருந்து மைசூருக்கு ஓர் ஆட்டம் பார்க்கப் போனது

மைசூருக்கு அரண்மனை பார்க்கப் போகிறவர்கள் உண்டு, தசராவுக்குப் போகிறவர்கள் உண்டு. நான் போன மாதம் ஒரு சனிக்கிழமை, சேகர் வீட்டு டிவியில் இந்தியக் கால்பந்து அணியின் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். அதே ஆட்டம் என் வீட்டு டிவியிலும் வரும். போகவர 376 கிலோமீட்டர் மிச்சமாகியிருக்கும்.

போனதற்குக் காரணம் ஒரு குறுஞ்செய்தி. முந்தைய ஆட்டத்தில் இந்தியா தோற்ற மறுநாள் சேகர் அனுப்பியது: "அவங்க தோத்துட்டாங்க. பெங்களூரு மேட்சுக்கு நான் வரல குரு. என் சீட்டுக்கு வேற யாரையாவது கூட்டிட்டுப் போ." எனக்கு இரண்டாவது, மூன்றாவது வாக்கியங்கள் வலித்தன. முதல் வாக்கியம் தூக்கத்தைக் கெடுத்தது.

அதைப் புரிந்துகொள்ளச் சேகரைத் தெரிய வேண்டும். அவன் ரயில்வேக் குடும்பம். தாத்தா காலத்தில் வேலைக்காக மைசூருக்கு வந்தவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபத்தில் இரண்டும். 'குரு' தெருவிலிருந்து வந்தது, 'நண்பா' என்று பொருள். பத்து வருடத்துக்கு முன்பு பெங்களூரு மைதானத்தில் இந்தியா கோல் போட்டதும் பக்கத்து இருக்கையில் இருந்த இவன், அதுவரை முன்பின் தெரியாதவன், என்னைக் கட்டிப்பிடித்து "நாங்க போட்டுட்டோம்!" என்று கத்தினான். நீலச் சட்டை போட்டிருந்த என்னிடம் நீலச் சட்டை போட்டிருந்தவன் சொன்னது அது. "நாங்கன்னா? அப்ப நான் யாரு?" என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. கன்னடத்தில் எல்லாவற்றுக்கும் 'நாவு' ஒன்றுதான். எதிரில் நிற்பவனைச் சேர்த்துக்கொள்ள 'நாம', வெளியே நிறுத்த 'நாங்க' என்று இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு தமிழர்கள் ஏன் சிரமப்படுகிறோம் என்பது மைசூர்த் தமிழர்களின் நியாயமான சந்தேகம். இடைவேளையில் ஒரு தேநீருக்கு அவன் கால்பந்துக்கு மட்டும் 'நாம' என்று சொல்ல ஒப்புக்கொண்டான். வீட்டு விஷயங்களில் இன்றுவரை 'நாங்க'தான். என்னிடமே "நாங்க சாப்பிடலாமா?" என்பான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் தொலைபேசியில் "நாம ஜெயிப்போம் அல்வா?" என்று கேட்பான். 'அல்வா' என்றால் கன்னடத்தில் 'இல்லையா'. பெரும்பாலும் தமிழ்ப் பொருளில்தான் கிடைத்தது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தான். அப்படிப்பட்டவன் 'அவங்க' என்று எழுதினால் ஓர் ஆள் நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

காலை 6.10க்கு மேட்டூரிலிருந்து கொள்ளேகால் பேருந்து. கட்டணம் 158 ரூபாய். ஜன்னலோரம் வேண்டுமென்றால் பத்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். 7.05க்குப் பாலாறு சோதனைச் சாவடி. வண்டிக்குள் ஏறிய வனத்துறைக்காரர், பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று கன்னடத்தில் கேட்டார். இருப்பவர்கள் தமிழில் இல்லை என்றார்கள். அதன் பிறகு காடு, வளைவுகள், மாதேஸ்வரன் மலையில் பதினைந்து நிமிட நிறுத்தம். வளைவுகளை எண்ணத் தொடங்கி ஒன்பதில் விட்டுவிட்டேன்.

மலையிறங்கி வழியில் ஒரு விவசாயி ஏறி என் அருகில் உட்கார்ந்தார். ஹனூர்ப் பக்கத்தவர், மஞ்சள் போட்டிருக்கிறாராம். உடம்பில் வெள்ளையும் வெளிர்நீலமுமாகப் பட்டை போட்ட சட்டை, முதுகில் பெரிதாகப் பத்து என்ற எண்.

"எந்த டீமுங்க இது?" என்றேன்.

"டீமுங்களா? கொள்ளேகால் சந்தையில எடுத்ததுங்க. வெய்யிலுக்கு நல்லா இருக்குதுங்க."

"பின்னாடி பத்துன்னு போட்டிருக்குதே."

"அது சைசுன்னு நெனச்சனுங்க." அவரே தொடர்ந்தார். "இண்டியா சட்டை இருக்குதான்னுதான் மொதல்ல கேட்டனுங்க. கிரிக்கெட்டுது மட்டுந்தான் இருக்குதுன்னாங்க. பந்து ஒதைக்கறது இண்டியாவுலயும் உண்டுங்களா?"

"உண்டுங்க."

"செயிக்கறாங்களா?"

"ஆடறாங்க."

"பாவம்" என்றார். அணியைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

10.25க்குக் கொள்ளேகால். அங்கே இட்லி நன்றாக இருக்கும், சட்னியை நம்ப வேண்டாம். 10.50க்கு மைசூர்ப் பேருந்து, 84 ரூபாய், வழியில் நெல் வயல்களும் காவிரியும். 12.40க்கு மைசூர்ப் பேருந்து நிலையம். அங்கிருந்து சேகர் வீடு இருக்கும் அசோகபுரம் நான்கு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பதில் தொடங்கி நூறுக்கு வந்தார். கண்ணாடியில் ஓர் ஐரோப்பியக் கழகத்தின் சின்னம் ஒட்டியிருந்தது. தமிழர்தான். அந்தக் கழகத்தின் மாற்று கோல்கீப்பருக்கு எந்த முழங்காலில் வலி என்பதுவரை சொன்னார்.

"இன்னிக்கு நாலரைக்கு இந்தியா மேட்ச், பாப்பீங்களா?"

"வேண்டாம் சார். அது சொந்தக்காரங்க கல்யாணத்துல சோறு வேகாத மாதிரி. போய்த்தான் ஆகணும், வெளிய சொல்லவும் முடியாது. இந்த கிளப்புன்னா ஓட்டல் சார். சரியில்லன்னா திட்டிட்டு வந்துடலாம்."

நாட்டின் அணியை ரசிகர்கள் ஏன் கைவிடுகிறார்கள் என்று பலர் நீண்ட கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறை இந்த ஆட்டோவில் போயிருக்கலாம்.

சேகர் கதவைத் திறந்து "வா குரு" என்றான். உற்சாகமாகத்தான் வரவேற்றான், நான் வந்ததற்கு. ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவன் மனைவி தேவகி, கொள்ளேகால்காரர், தண்ணீர் கொடுத்துவிட்டு அவன் கைகழுவப் போன நேரத்தில் மெதுவாகச் சொன்னார்: "மேட்ச்சுன்னா இவுரு போடற சத்தத்துக்கு நான் சண்டை புடிப்பனுங்கண்ணா. இப்ப சத்தமே இல்லீங்க. மேல் வீட்டம்மா எறங்கி வந்து, 'யாக்கே, சார்கே உஷார் இல்வா'ன்னு கேக்கறாங்க." சாருக்கு உடம்பு சரியில்லையா என்று.

"உடம்பு நல்லா இருக்கா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. அதான் பயமா இருக்குது."

இரண்டு மணிக்குச் சாப்பாடு. ராகி முத்தே, அவரைப் பருப்புக் குழம்பு. முத்தே என்பது நம் களிதான், ஆனால் பந்துபோல உருட்டி வைப்பார்கள். மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். சேகர் இரண்டு விழுங்கினான். மூன்றாவதைத் தேவகி வைத்தபோது மறுக்கவில்லை. நான் பேச்சைத் தொடங்கினேன்.

"தோக்கறாங்கன்னா விட்டுட்ட?"

"தோக்கறதுக்கு யாராவது விடுவாங்களா குரு? தோத்துட்டு எத்தனை தடவ சாப்பிடாம படுத்திருக்கேன். அது ஒரு சொகம். இப்ப தோத்தா நல்லா பசிக்குது. போன மேட்ச்ல ரெண்டாவது கோல் வாங்கறப்ப நான் இட்லிக்குச் சட்னி கேட்டுட்டிருந்தேன். அப்பத்தான் எனக்கே தெரிஞ்சது."

"பழைய கோச்சு போய் புதுசு வந்தாச்சே."

"அவரும் 'டைம் குடுங்க'ன்னு சொல்லியாச்சு. எல்லாருக்கும் குடுத்தேன். எனக்கு அம்பது ஆகுது. என்கிட்ட இருந்ததே அதான். எந்தச் சேனல், எந்த ஆப்புன்னு தேடறதுக்குள்ள பாதி மேட்ச் முடியுது. ஸ்கோர மட்டும் போன்ல பாக்கறேன். வேற ஊர்ல மழை பெஞ்ச மாதிரி இருக்கு."

அவனிடம் சொல்லாத ஒன்று என்னிடமும் இருந்தது. நானும் சில மாதங்களாக ஸ்கோரை மட்டும்தான் பார்க்கிறேன். முன்பு ஆறு பேராகப் போவோம். ஒருவர் புனேக்கு மாறினார், ஒருவர் ஓர் ஆங்கிலக் கழகத்துக்கு மாறினார், இருவர் சும்மா மாறினார்கள். மிச்சம் நாங்கள் இருவர். இவனும் போய்விட்டால் நான் தொலைபேசியில் யாரிடம் சொல்வேன்? 'நாம' என்ற சொல்லுக்கு இரண்டு பேராவது வேண்டும். தனி ஆளுக்கு அது கிடையாது. 188 கிலோமீட்டர் வந்தது அவனைத் திருத்த என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தச் சொல்லில் எனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தேன்.

4.30க்கு ஆட்டம், வெளிநாட்டு மண்ணில். எதிரணி நாட்டின் பெயரை எழுதவில்லை. அவர்கள் மேல் தவறு இல்லை. முன்பெல்லாம் சேகர் தொண்ணூறு நிமிடமும் நின்றே பார்ப்பான். இப்போது சோபாவில் சாய்ந்தான். 31வது நிமிடத்தில் கோல் வாங்கினோம். "ம்" என்றான். இடைவேளையில் தொலைபேசியில் எதையோ பார்த்தான். 60வது நிமிடத்தில் தலை சாய்ந்தது. 65இல் குறட்டை. மூன்று முத்தே வேலை செய்தது என்று நினைத்துக்கொண்டேன். முத்தே மட்டும்தான் காரணமா என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

83வது நிமிடம். நம் இடதுபுறப் பின்கள ஆட்டக்காரர், அதுவரை நடுக்கோட்டைத் தாண்டினால் அபராதம் என்பதுபோல ஆடியவர், திடீரென்று ஓடத் தொடங்கினார். இருவரைக் கடந்து, கோல் கோட்டுக்கு அருகிலிருந்து பின்னோக்கி ஒரு பாஸ். ஓடிவந்தவர் அதை நிறுத்தாமல் அடித்தார். வலை.

நான் எழுந்து நின்றேன். இரண்டு கைகளும் மேலே. சத்தம் மட்டும் வெளியே விடவில்லை. காபியோடு வந்த தேவகி என்னைப் பார்த்து அப்படியே நின்றார். உதட்டில் விரல் வைத்தேன்.

ஏன் எழுப்பவில்லை என்பதை ரசிகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு விளக்க முடியாது. கோல் விழும்போது யார் எப்படி இருந்தார்களோ கடைசிவரை அப்படியே இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆறு பேரின் விதி. போட்டவன் சேகர்தான். ஒருமுறை புனேக்காரரை இருபத்தைந்து நிமிடம் கழிப்பறையிலேயே இருக்க வைத்தான், வென்றோம். இன்று அவன் தூங்கும்போது கோல் விழுந்திருக்கிறது. இன்னொன்று விழட்டும், வெற்றியோடு எழுப்புவோம் என்று நின்றுகொண்டே இருந்தேன். கால் வலித்தது. அப்படி வலித்து நீண்ட நாளாகியிருந்தது.

கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் எதிரணி ஒன்று போட்டது. எனக்கு வாய் தவறிவிட்டது. அந்தச் சத்தத்தில் சேகர் விழித்தான்.

"எத்தன?"

"ஒண்ணு ரெண்டு."

"நமக்கு ஒண்ணா? யாரு?"

சொன்னேன். சோபாவில் நிமிர்ந்தான். "லெஃப்ட் பேக்கா? அவன் அவ்ளோ மேல வந்தானா? சும்மா சொல்லாத." காபி டம்ளர்களை வைத்து மேசையில் காட்டினேன். இந்த டம்ளர் ஓடியது, இந்த டவரா நின்றது, சர்க்கரைக் கிண்ணம் கோல். மீண்டும் காட்டச் சொன்னான். காட்டினேன். டவராவைச் சற்று நகர்த்தி "இங்கயா நின்னான்?" என்றான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நீ ஏன் எழுப்பல?"

"உன் ரூலுதானே. அசையக் கூடாதுன்னு."

"தூங்கறவனுக்கு ஏது குரு ரூலு! எத்தன மாசம் கழிச்சு! லெஃப்ட் பேக் மேல வந்து, கட் பேக் குடுத்து... நாங்க கோல் போட்டிருக்கோம், நீ மரம் மாதிரி நின்னுட்டிருந்தியா?"

நாங்க. அவன் மறுபடி தவறிவிட்டான் என்று முதலில் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தபோது, தமிழ் இலக்கணப்படி மிகச் சரியாகத்தான் பேசுகிறான் என்று தெரிந்தது. எதிரில் நின்ற நான் அதில் இல்லை. நான் திருத்தவில்லை. கையை ஓங்கி மேசையில் அடித்தான், சர்க்கரை சிந்தியது, மாடியில் நாற்காலி நகர்ந்தது. தேவகி துடைக்கும் துணியை எடுக்கப் போனவர் திரும்பிக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன்.

அன்று அவன் இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலை 7.15 பேருந்துக்குக் கிளம்பியபோது உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தான், வெளியே வரவில்லை. தேவகிதான் வாசல்வரை வந்தார்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: மேட்டூர் - மைசூர் ஒருவழிக்கு 242 ரூபாய், ஆறரை மணி நேரம். பாலாற்றைத் தாண்டியதும் சிக்னல் போய்விடும், ஸ்கோர் பார்க்க முடியாது, அது நல்லதும்கூட. தங்குவதற்குப் பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே 900 ரூபாயிலிருந்து அறைகள் உண்டு. மதியம் ஆட்டம் இருந்தால் முத்தே ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாராவது தூங்கினால், எந்த விதி இருந்தாலும், எழுப்பிவிடுங்கள்.

பெங்களூரு ஆட்டத்துக்கு அவன் வருவானா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவனும் பத்து நாட்கள் பேசவில்லை. இணையத்தில் யாரோ ஏற்றிய இரண்டு நிமிடச் சுருக்கம் இருக்கிறது. முக்கால் நிமிடம் விளம்பரம். கோல் இருக்கிறது, அதற்கு முந்தைய ஓட்டமும் பாஸும் இல்லை. நேற்று மாலைதான் அவனிடமிருந்து தொலைபேசி வந்தது. வணக்கம், நலமா, எதுவும் கிடையாது.

"அந்தப் பாஸு எந்தக் கால்ல குடுத்தான்?"

"இடது" என்றேன்.

வைத்துவிட்டான்.