மெடிக்கல் போர்டில் ரம்மி

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் ஒரு மெடிக்கல் போர்டு அறையில், அதிகாரிகள் சுற்றி உட்கார்ந்திருக்க, சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தேன்.

(போன செவ்வாய் என்பது எனக்கு. இந்தக் கட்டுரை எங்கள் தீவிலிருந்து கப்பலேறி, மெயின்லேண்ட் போய், அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் எத்தனை செவ்வாய் போயிருக்குமோ... அது முருகனுக்கே வெளிச்சம்.)

"சர்க்கார் கட்டடத்தில் சீட்டாட்டமா? வேலை போகாதா?" என்று கேட்பீர்கள். போகாது. அன்றைக்கு அதன் பெயர் பரிசோதனை. ஃபைலிலும் அப்படித்தான் ஏறியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன்.

துறைமுகத்தை ஒட்டிய ஹேடோ குவார்ட்டர்ஸில் அருளப்பன் அண்ணாச்சி என்று ஒருவர். தூத்துக்குடிக்காரர். கப்பலிலிருந்து சரக்கு இறங்கும்போது வின்ச் ஓட்டுகிறவனுக்குக் கையால் சைகை காட்டுவது அவர் உத்தியோகம். அங்கே இருக்கிற இரைச்சலில் வாயால் கத்தினால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. தூக்கு, இறக்கு, நிறுத்து... எல்லாம் அவர் வலது கைதான். இந்தத் தீவில் நான் தின்ற உருளைக்கிழங்கில் முக்கால்வாசி அந்தக் கை இறக்கியது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் காலை, பல் தேய்க்கும்போது பிரஷ் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தார். அவரும் விழுந்தார். பக்கவாதம்.

நல்லவேளை, பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் ஒன்றரை மாதத்தில் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்துவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. மடியில் வைத்தால் மடியில் கிடந்தது, மேஜையில் வைத்தால் மேஜையில் கிடந்தது.

கை வராவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் குவார்ட்டர்ஸ் இல்லை. குவார்ட்டர்ஸ் இல்லாவிட்டால் அடுத்த கப்பலில் மெயின்லேண்ட். அங்கே யார் இருக்கிறார்கள்? கூடப்பிறந்தவர்களோடு சண்டை போட்டுக்கொண்டு, இனி இந்தக் கரையில் கால் வைக்கமாட்டேன் என்று கிளம்பி வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது.

"அங்க போயி எவன் வாசல்ல நிக்கச் சொல்லுதீரு?" என்று என்னிடம் கேட்டார்.

பக்கவாதம் வந்தால் நோயாளிக்குக் கை விழும். பார்க்க வருகிறவர்களுக்கு வாய் எழும். நம் தீவில் கேட்கவே வேண்டாம், பாரத தேசமே பக்கத்து வீட்டில் இருக்கிறது. பெங்காலிக்காரர் ஓர் எண்ணெய் சொன்னார். தெலுங்குக்காரர் பத்தியம் சொன்னார். மலையாளி கஷாயம் கொண்டுவந்தே விட்டார். நம் ஆள் ஒருவர் புறா ரத்தம் தடவினால் மூன்றே நாளில் சரியாகும் என்றார். ஹேடோவில் இருந்த புறாக்கள் ஒரு வாரம் ஊருக்கு வெளியே கராச்சர்மா பக்கம் போய்த் தங்கிவிட்டு வந்ததாகக் கேள்வி.

ஆலோசனைக்குப் பிறகு உதவி. ஐயோ, அந்த உதவி! அவர் டம்ளரைப் பார்த்தால் போதும், நாலு பேர் எடுத்து நீட்டுவார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தால் விரட்ட ஆள் இருந்தது. அவர் மனைவி ரோசம்மா அக்கா குழந்தைக்கு ஊட்டுவதுபோல் சோறு ஊட்டினார். சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அழுவது தெரியக்கூடாதாம்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர். வயதில்தான் சின்னவர். மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்திருந்தார். மனிதன் எப்படி அசைகிறான், அசைவு போனால் எப்படித் திரும்பக் கற்றுக்கொள்கிறான் என்று ஆராய்ச்சி. மனிதன் எப்படி அசையாமல் இருக்கிறான் என்று ஆராய வேண்டுமானால் என் ஆபீஸுக்கே வந்திருக்கலாம்.

அவரிடம் ஒரு கோணமானி இருந்தது. நாம் ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்திருப்போமே, அதற்கு இரண்டு மரச்சட்டங்கள் முளைத்ததுபோல் ஒன்று. அதை வைத்து முழங்கை எத்தனை டிகிரி, தோள் எத்தனை டிகிரி என்று வாரம் இரண்டுமுறை அளந்து நோட்டில் எழுதுவார். பயிற்சிக்கு ஒரு கப்பி, ஒரு கயிறு, ஒரு மணல் பை. அண்ணாச்சியின் வலது கையைக் கயிற்றில் கட்டிவிடுவார். இழுக்க வேண்டும், விட வேண்டும். நூறு தடவை.

அண்ணாச்சி பத்து தடவைக்கு மேல் போனதில்லை.

"ஏத்து, எறக்கு... ஏத்து, எறக்கு... இது என்ன சரக்கு வே? எந்தக் கப்பலுக்குப் போவுது? ஒண்ணும் சொல்லமாட்டேங்கான்!" என்று என்னிடம் எரிந்து விழுவார்.

நான் யார் என்று கேட்கிறீர்களா? வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். டெலானிபூரில் ஃபைல் பார்க்கிற, சில நாள் பார்க்காத, கிளார்க்கு. சாயங்காலம் ஐந்தரைக்கு நானும் ஸ்டோர்ஸ் தாஸ் பாபுவும் அண்ணாச்சி வீட்டில் ரம்மி ஆடுவோம். காசு வைத்தெல்லாம் இல்லை. தோற்றவன் டீ போட வேண்டும். அண்ணாச்சிக்கு உடம்பு முடியாமல் போனதும் ஆட்டம் நின்றது. மூன்றாம் மாதம் அவரே, "சும்மா கெடந்தா பைத்தியம் பிடிச்சிரும் வே, சீட்டக் கொண்டாரும்" என்றார்.

ஒரு கையால் பதின்மூன்று சீட்டைப் பிடித்துக்கொண்டு, அதே கையால் எடுத்துப் போடுவது எப்படி? உதவும் உள்ளம் எனக்கு உண்டே... "குடுங்க அண்ணாச்சி, உங்க சீட்டை நான் பிடிச்சுக்கிறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிடித்தேன். பார்க்கவும் செய்தேன். கண் இருக்கும்போது என்ன செய்வது? அவருக்கு எந்தச் சீட்டு வேண்டுமோ அதை நான் கீழே போடவே மாட்டேன். ஒரு வாரம் தொடர்ந்து ஜெயித்தேன். தாஸ் பாபு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அரே பாய், தூஸ்ரே கா கார்டு மத் தேக்கோ!" என்று, அடுத்தவர் சீட்டைப் பார்க்காதே என்று, அதட்டுவார். நான் கூரையைப் பார்ப்பேன்.

எட்டாம் நாள் அண்ணாச்சிக்கு விளங்கிவிட்டது.

"ஒம்ம உதவி போதும் வே. சீட்ட இங்க வையும்."

இடது கையால் தன் வலது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். விரல்களைப் பிரித்து, சீட்டுகளை நடுவில் செருகினார். இரண்டு நிமிஷம் நின்றது. அப்புறம் பதின்மூன்றும் முகத்தைக் காட்டிக்கொண்டு விழுந்தன. தாஸ் பாபு கௌரவமாகக் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. அதைப் பார்த்த அண்ணாச்சிக்கு வந்த கோபம் இருக்கிறதே!

மறுநாள் சீட்டு ஐந்து நிமிஷம் நின்றது. மூன்று வாரத்தில் ஓர் ஆட்டம் முழுக்க நின்றது. அடுத்து, இடது கையில் சீட்டை வைத்துக்கொண்டு வலது கையால் எடுக்கப் பார்த்தார். ஒன்றுக்குப் பதில் மூன்று வரும். வேறு சீட்டு வரும். மேஜையில் போடப் போனது என் மடியில் விழும். பொறுமையாகக் காத்திருப்போம்... பொய் சொல்வானேன், நான் பொறுமையாக இல்லை. கொட்டாவி விட்டேன். அதற்கும் கோபித்துக்கொண்டார். கையோ ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. நம்பிக்கைதான் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்கிறார்கள். அருளப்பன் அண்ணாச்சியைக் குணப்படுத்தியது என்மேல் வந்த அவநம்பிக்கை.

ஆறாம் மாதம் ஒருநாள், வலது கையால் ஜோக்கரை எடுத்து மேஜையில் ஓங்கி அடித்து, ஆட்டம் முடிந்தது என்று 'டிக்' சொன்னார். ரோசம்மா அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "யேசுவே, யேசுவே" என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு முகத்தைத் திருப்பவில்லை.

அத்தோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். போனேனா? வாய் சும்மா இருந்தால்தானே! மறுநாள் கப்பல் நிற்கிற ஜெட்டி பக்கத்து டீக்கடையில் பத்துப் பேருக்கு நடுவே அதை நடித்தே காட்டினேன். "அண்ணாச்சி ஜோக்கரை அடிச்ச அடியில மேஜையே அதிர்ந்துச்சு, தெரியுமா?"

குவார்ட்டர்ஸ் கேட்டு மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் அதிகம். டீக்கடையில் அவர்களும் டீ குடிப்பார்கள். பத்தே நாளில் அண்ணாச்சியின் ஆபீஸுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போனது. 'ஆஸ்பத்திரியில் கை வரவில்லை என்று நடிக்கிறார், வீட்டில் அதே கையால் சீட்டாடுகிறார்.'

மெடிக்கல் போர்டு கூடும் என்று உத்தரவு வந்தது. கை வராது என்று போர்டு சொன்னால் கப்பல். நடிக்கிறார் என்று சொன்னால் ஒழுங்கு நடவடிக்கை, அப்புறம் அதே கப்பல்.

சின்ன டாக்டர்தான் முதலில் கொதித்தார். ஒருநாள் சாயங்காலம் கோணமானியோடு நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். "என்கிட்ட பதினஞ்சு டிகிரிக்கு மேல வராத கை, இங்க எப்படி சார் வருது?"

"ஒக்காருங்க டாக்டரையா, நீங்களே பாருங்க" என்றார் அண்ணாச்சி.

டாக்டர் பார்த்தார். கை நீண்டது, எடுத்தது, போட்டது. நடுவில் நிறுத்தி, "இப்ப சீட்டு இல்லாம கையை மட்டும் அதே மாதிரி நீட்டுங்க" என்றார். அண்ணாச்சி முயற்சி செய்தார். நெற்றி வேர்த்தது. கை வரவில்லை. "சரி, சீட்டை எடுங்க." சட்டென்று நீண்டுவிட்டது கை! நாலு தடவை மாற்றி மாற்றிச் செய்யச் சொன்னார். நாலு தடவையும் அப்படியே.

டாக்டர் கோணமானியைக் கீழே வைத்தார். "நான் இத்தனை மாசமா கைக்குப் பயிற்சி குடுத்தேன். நீங்க கைக்கு ஒரு வேலை குடுத்திருக்கீங்க" என்றார். "ஒவ்வொரு தடவையும் சீட்டு வேற இடத்துல இருக்கு. தப்பா எடுக்கறார், திருத்திக்கறார், மறுபடி எடுக்கறார். மூளை அப்படித்தான் கத்துக்கும். நான் நூறு தடவைன்னு சொன்னேன், இவர் எண்ணாமலே அதைத் தாண்டியிருப்பார்." நோட்டைப் பிரித்தார். நல்ல மனிதர். கப்பியையும் மணல் பையையும் பற்றி எழுதியிருந்த பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

எனக்குத்தான் சிந்தனை ஓடியது. உத்தரவு போட்டால் தூக்காத கை, சீட்டைக் கண்டால் தூக்குகிறது... இந்த வியாதி எங்கள் ஆபீஸில் ஹெட்கிளார்க்கு முதல் பியூன் வரை எல்லோருக்கும் இருக்கிறதே! ஒரு போர்டும் இதுவரை கூடவில்லையே!

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். போர்டில் ஒரு தலைவர், சின்ன டாக்டர், அண்ணாச்சியின் ஆபீஸ் அதிகாரி ஒருவர். துணைக்குப் போன நான் கதவருகில், பையில் இரண்டு கட்டுச் சீட்டோடு.

"ஹாத் உட்டாவ்" என்று கையைத் தூக்கச் சொன்னார் தலைவர்.

அண்ணாச்சி உயிரைக் கொடுத்து முயன்றார். கை மடியை விட்டு நாலு விரற்கடைகூட எழும்பவில்லை. ஆபீஸ் அதிகாரி மொட்டைக் கடிதாசியை எடுத்து, கனைத்துக்கொண்டு வாசித்தார்.

சின்ன டாக்டர் எழுந்து விளக்கினார். தலைவர் கேட்டுவிட்டு, "ஃபாரத்தில் இரண்டு கட்டம்தான் இருக்கிறது. கை இயங்கும், இயங்காது. வேலை இருந்தால் இயங்கும் என்று கட்டம் எங்கே?" என்றார். நியாயமான கேள்வி. அப்படி ஒரு கட்டம் வைத்தால் சர்க்கார் ஆட்களில் பாதிப்பேரை அதில்தான் அடைக்க வேண்டிவரும்.

"நேரில் பார்த்துவிடுங்கள் சார்" என்றார் டாக்டர். என்னைக் கூப்பிட்டார்கள். சீட்டு மேஜைக்கு வந்தது. தலைவர், அதிகாரி, அண்ணாச்சி மூன்று பேருக்கும் நான் போட வேண்டும். "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று தலைவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பிறகு என் கலைப்பு பிடிக்காமல் கட்டைப் பிடுங்கித் தானே கலைத்தார் பாருங்கள்... சீட்டு அருவிபோல் விழுந்தது.

ஆட்டம் தொடங்கியது. புது இடம், புது மேஜை. அண்ணாச்சியின் வலது கை முதல் சீட்டைத் தொட்டுத் தவறவிட்டது. நாலு சீட்டு கவிழ்ந்து முகம் காட்டின. தலைவர் குனிந்து பார்த்தார். என்னைப்போல எட்டிப் பார்க்கிற ஜாதி! அண்ணாச்சி வாரி எடுத்துக்கொண்டார், காது சிவந்திருந்தது. இரண்டாவது சுற்றில் கை போய் எடுத்தது. மெதுவாகத்தான். ஆனால் எடுத்தது, போட்டது. டாக்டர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

தலைவரோ எதற்காகக் கூடினோம் என்பதையே மறந்துவிட்டார். ஐந்தாவது சுற்றில் முகமெல்லாம் பல்லாக, "டிக்!" என்று கத்திச் சீட்டுகளைப் பரப்பினார்.

பரப்பிய கையை எடுக்கவில்லை... அதற்குள் அண்ணாச்சியின் வலது உள்ளங்கை மேஜைக்குக் குறுக்கே போய் அந்தச் சீட்டுகள்மேல் பொத்தென்று விழுந்தது.

"செல்லாது சார்! ஒரிஜினல் சீக்வென்ஸே இல்ல, எல்லாம் ஜோக்கர வச்சு ஒட்டுனது. டிக் அடிச்சா எப்படி?"

கடைநிலை ஊழியர் ஒருவர் மெடிக்கல் போர்டுத் தலைவரின் அழுகுணி ஆட்டத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். போச்சு, கப்பல்தான் என்று நினைத்துக்கொண்டேன். என் வாயால் ஒரு குடும்பம் போகிறதே!

தலைவர் தன் சீட்டைப் பார்த்தார். அதன்மேல் இருந்த கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஃபாரத்தை இழுத்து, இரண்டு கட்டத்துக்கும் நடுவில் பேனாவால் தானே ஒரு கட்டம் வரைந்தார். நடிப்பு இல்லை, மூன்று மாதத்துக்குச் சரக்கு ஷெட்டில் லேசான வேலை, குவார்ட்டர்ஸ் இருக்கட்டும், பிறகு மறுபடி போர்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்த முறையும் சீட்டு கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றார்.

வெளியே ரோசம்மா அக்கா ஜெபமாலையோடு நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார், அழுதார், டாக்டரைக் கும்பிட்டார், என்னையும் கும்பிட்டார். எனக்கு உடம்பு கூசியது. அங்கேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி... டீக்கடையில உளறினது நான்தான்."

"தெரியும் வே. அன்னைக்கே தெரியும்."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

அண்ணாச்சி என் கன்னத்தை நிதானமாகப் பார்த்தார். தன் வலது கையை மெல்லத் தூக்கினார். அது என் நெஞ்சுவரை வந்து நின்றது.

"இம்புட்டுத்தான் வருது. ஒம்ம கன்னம் இன்னும் ஒரு முழம் மேல இருக்கு. பொறும்."

சின்ன டாக்டர் நோட்டை எடுத்து மும்முரமாக எழுதினார்.

அன்றிலிருந்து தினமும் ஐந்தரைக்குத் தவறாமல் போய் அண்ணாச்சிக்கு வலது பக்கமாக உட்காருகிறேன். நேற்று அந்தக் கை என் தோளுக்கு வந்துவிட்டது!